ஆறாம் திருவிழாவுக்கு ஒரு சாட்சி

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

பிள்ளை சாம்பவிக்குக் காதுக்குத்து, வலியில் இரவெல்லாம் அழுகிறாள். அதைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? அண்ணி இன்னும் உங்களைக் கடையில் பெட்டி தூக்க விடுகிறாவா?

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் விடிவதற்குள் பாதிச் சொந்தம் படித்துவிடும். போனில் என்றால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் அழுவேன், பிள்ளை எழும்பிவிடும். தாளில் ஒருவரும் குறுக்கே கதைக்க முடியாது.

அப்பாவின் ஆண்டுத் திவசம் போன மாதம் முடிந்தது. சின்னண்ணைதான் சென்ட் லோரன்ட் வீட்டில் எல்லாம் செய்தார். இலை போடும்போது ஒன்று கூடுதலாகப் போட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் திரும்பப் படிக்கிறேன், தெரியுமா? புதன்கிழமைகளில் மாலை வகுப்பு. யாழ்ப்பாணத்தில் எடுத்த வரலாற்றுப் பட்டத்தோடு இன்னும் சில பாடங்களைச் சேர்த்தால் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம் என்கிறார்கள். இந்தத் தவணைப் பாடம் 1066, நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதை. பேராசிரியர் கிறிஸ்தோப்பர் இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர். "அங்கே நாங்கள் ஆங்கிலேயரை வென்றோம், இங்கே அவர்கள் எங்களை வென்றார்கள். ஆகவே நான் நடுநிலையானவன்" என்று முதல் வகுப்பிலேயே சிரித்தார்.

கட்டுரை எழுத வேண்டும். எட்வர்ட் அரசன் பிள்ளையில்லாமல் சாகிறான். முடி யாருக்கு? நோர்மண்டியில் இருந்த வில்லியம், "பதினைந்து வருஷத்துக்கு முதலே எனக்குத் தருவதாகச் சொன்னார்" என்கிறான். பக்கத்தில் இருந்த ஹரல்ட், "சாகும்போது என்னிடம் ஒப்படைத்தார்" என்கிறான். அடுத்த நாளே ஹரல்ட் முடி சூடிவிட்டான். ஒக்டோபரில் வில்லியம் கப்பலில் வந்து அவனைக் கொன்றான். கொன்ற இடம் உங்கள் கடைக்குப் பின்னால் இருக்கிற மேடுதானே. அங்கே விற்கிற புத்தகம் ஒன்று அனுப்புவீர்களா? அந்த மேடு எவ்வளவு செங்குத்து என்று ஏறிப் பார்த்தும் எழுதுங்கள், முழங்கால் விட்டால்.

பிள்ளை அழுகிறாள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

துஷி

*

பற்றில், இங்கிலாந்து
2 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி துஷிக்கு,

முழங்கால் மழையை முதல் நாளே சொல்லிவிடும். இந்த ஊரில் அதற்கு ஓய்வில்லை. அண்ணிக்குச் சுகம். பிள்ளையின் காதுக்குள் எண்ணெய் விடாதே, டொக்டரிடம் காட்டு.

புத்தகம் தனியாக வரும். மேட்டில் ஏறினேன். கீழே நின்று பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். இரும்புச் சட்டையோடு ஏறச் சொன்னால் பாதியில் திரும்பியிருப்பேன். பற்றில், அதாவது சண்டை என்றே பெயர் வைத்த ஊரில் இருபது வருஷம் கடை நடத்துகிறேன், நீ கேட்டுத்தான் முதல் தரம் உச்சிவரை போனேன். ஒவ்வொரு ஒக்டோபரும் இரும்புத் தொப்பி போட்ட ஆட்கள் வந்து அதே சண்டையைத் திரும்பப் பிடிப்பார்கள். ஹரல்டின் ஆட்களும் வில்லியமின் ஆட்களும் என் கடையில் ஒரே வரிசையில் நின்று தண்ணீர்ப் போத்தல் வாங்குவார்கள். போன தரம் ஒருவன் கேட்டான், "நீ எந்தப் பக்கம்?" என்று. "நான் கடைப் பக்கம்" என்றேன்.

இனி என் கேள்வி. ஊர்ப் பிள்ளையார் கோயில் மனேஜர் சிவநேசம் போன் எடுத்தார். அப்பாவின் சாவுத் துடக்கு வருஷம் முடிந்தபடியால் ஆறாம் திருவிழாவுக்கு அப்பாவின் பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயர் எழுத வேண்டுமாம். கொடியேறினால் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் திருவிழா, ஒரு திருவிழாவுக்கு ஒரு பெயர். அந்தப் பெயர்க்காரனுக்குத்தான் ஐயர் பிள்ளையாருக்கு முன்னால் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி, பழமும் வெற்றிலையும் வைத்த காளாஞ்சித் தட்டைக் கையில் கொடுப்பார். உன் சின்னண்ணை கஜீவன் தன் பெயரை எழுதச் சொல்லிவிட்டான். அப்பா சாகும்போது அதைத் தன்னிடம் ஒப்படைத்தாராம். நீயும் பக்கத்தில் இருந்து கேட்டாயாம்.

2012இல் அப்பா இங்கே வந்து நின்றபோது இதே மேட்டின் அடியில் வைத்துச் சொன்னார், "எனக்குப் பிறகு ஆறாம் திருவிழா உன்ரை. மூத்தவன் நீ." சாட்சிக்கு அங்கே மேய்ந்த செம்மறிகள்தான்.

உள்ளதை எழுது. அப்பா கடைசியாக என்ன சொன்னார்?

சாம்பவிக்கு என் முத்தம்.

வசீகரன்

*

ரொக்ஸ்பரோ
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

புத்தகமும் அதற்குள் நீங்கள் ஒளித்து வைத்த இஞ்சி பிஸ்கட்டும் வந்தன. சாம்பவி தபால்பெட்டியைப் பார்த்து "மெர்சி மாமா" என்று நன்றி சொன்னாள். காது ஆறிவிட்டது, இப்போது இருமல். பகலில் அவளை விடுகிற கார்டெரியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் பன்னிரண்டு பிள்ளைக்கும் வரும். அவள் நித்திரையான பிறகு மூக்குக்குக் கிட்டக் கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். ஆறு தரம், ஏழு தரம். போன வருஷம் தொடங்கியது, விடமுடியவில்லை. இவர் ஏசுகிறார். "பிள்ளையைப் படுக்க விடும். நீரும் படும்" என்கிறார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டொக்டரும் சொல்கிறா. எனக்கும் தெரியும்.

உங்கள் புத்தகத்தில் ஓரிடத்திலேயே நின்றுவிட்டேன். எட்வர்ட் சாகும்போது கட்டிலருகே இருந்ததாகப் பெயர் சொல்லப்படுகிறவர்கள் நாலு பேர். ஹரல்ட், ஒரு பேராயர், அரண்மனைக் காரியக்காரன் ஒருவன், பிறகு ராணி ஈடித். அவள் நிலத்தில் இருந்து அரசனின் பாதங்களை மடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாளாம். அவள் ஹரல்டின் கூடப்பிறந்தவள். அவளுக்கு டொஸ்டிக் என்று இன்னொரு சகோதரனும் இருந்தான். ஹரல்டோடு கோபித்துக்கொண்டு கடல் கடந்து போய்விட்டான். அவளுக்கு அவன்மேல்தான் கூடப் பிரியம் என்கிறார்கள்.

அரசன் என்ன சொன்னான் என்று பிறகு எல்லோரும் அவளைத்தானே கேட்டிருப்பார்கள்? சொன்னதாக எஞ்சியிருக்கும் வார்த்தைகளும் தெளிவில்லை என்கிறார் பேராசிரியர். பார்த்துக்கொள் என்றானா, எடுத்துக்கொள் என்றானா என்று இன்னும் அடிபடுகிறார்கள். அவளை நினைத்தாலே எனக்குக் களைப்பாக இருக்கிறது.

சின்னண்ணை இந்தக் கிழமை நாலு தரம் வந்தார். இருமும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ரயில் காட்டப் போகிறார். அவர் கெட்டவர் இல்லை அண்ணை.

மற்றதைப் பேந்து எழுதுகிறேன். குளிருக்கு முழங்காலை மூடிக்கொண்டு படுங்கள்.

துஷி

*

பற்றில்
11 ஏப்ரல் 2025

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். பிள்ளையின் இருமல் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

ராணி என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. நீ என்ன கேட்டாய் என்று கேட்டேன்.

சிவநேசம் முடிவாகச் சொல்லிவிட்டார். "ரண்டு பேரும் சின்னப் பெடியள் மாதிரி என்னோடை இழுபடாதேங்கோ. பக்கத்திலை இருந்தவள் உங்கடை தங்கச்சி. அவள் தன்ரை கையாலை எழுதி அனுப்பட்டும். கொடியேற முதல் வரவேணும். அவள் சொல்லுற பேரை நான் கொப்பியிலை எழுதுறன்" என்றார்.

ஓகஸ்டில் கொடி. அதற்குள் உன் ஒரு கடிதம், அவ்வளவுதான். அப்பா அவன் பெயரைத்தான் சொன்னார் என்றால் அதையே எழுது, நான் வாய் திறக்கமாட்டேன். பொய் மட்டும் எழுதாதே.

வசீகரன்

*

(சாப்பாட்டுப் பெட்டியின் மேல் வைத்திருந்தது)
மே 4, ஞாயிறு

தங்கச்சி,

நீங்கள் ஒருவரும் வீட்டிலை இல்லை. உன்ரை வீட்டுத் திறப்பு என்னட்டை இருந்தது நல்லதாப் போச்சு. கணவாய்க் கறி வைச்சிருக்கிறன். உறைப்புக் குறைவு, சாம்பவிக்கும் குடுக்கலாம். நீயும் சாப்பிடு. கண்ணாடியிலை உன்ரை முகத்தைப் பார்க்கிறனியோ?

கோயிலுக்கு அனுப்புற கடிதத்தை நானே எழுதிக் கீழை வைச்சிருக்கிறன். உனக்கு நேரமில்லை எண்டு தெரியும். கையெழுத்து மட்டும் போடு.

அண்ணையோடை எனக்குக் கோவம் இல்லை. அப்பாவுக்கு அவர் மூத்த பிள்ளை. நான் ஏழு வருஷம் குளிப்பாட்டி நகம் வெட்டின பிள்ளை. அந்தத் துணி என்ரை தலையிலை ஒருக்கா ஏறட்டும். அண்டைக்கு நீ ஓம் எண்டு சொன்னனி தானே?

சின்னண்ணை

*கோயில் நிர்வாகத்துக்கு: என் தகப்பனார் அரியரத்தினம் அவர்கள் தமது இறுதி நேரத்தில் ஆறாம் திருவிழாவை என் சகோதரர் கஜீவனிடம் ஒப்படைத்ததை நான் அருகிலிருந்து என் காதால் கேட்டேன். இப்படிக்கு,*

*

ரொக்ஸ்பரோ
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. ஏசுங்கள். அண்ணிக்குப் பிரஷர் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டேன், குறைந்ததா? இங்கே சாம்பவிக்குக் காய்ச்சல் வந்து போனது, பிறகு எனக்கு, பிறகு இவருக்கு. கட்டுரையும் முடியவில்லை. பேராசிரியர் ஓகஸ்ட் கடைசிவரை தவணை தந்திருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த பாதியைப் படித்துவிட்டு, "ராணியைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறாய், அவள் கேட்டதைத் தவிர" என்றார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது ஹரல்டின் சத்தியத்தில் நிற்கிறேன். உங்கள் புத்தகத்தில் அறுபதாம் பக்கமளவில் இருக்கிறது. எட்வர்ட் சாவதற்கு முதலே ஹரல்ட் ஒரு தரம் வில்லியமின் கையில் அகப்படுகிறான். "நீ எனக்குத் துணை நிற்பாய் என்று சத்தியம் செய்" என்கிறான் வில்லியம். துணி போர்த்த ஒரு பெட்டியில் கையை வைத்து இவனும் செய்கிறான். பிறகு துணியை இழுத்தால் உள்ளே புனிதர்களுடைய எலும்புகள். அதற்குமேல் அந்தச் சத்தியத்தை மீற முடியாது. இது பின்னால் கட்டிய கதையாக இருக்கலாம் என்கிறார் பேராசிரியர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு அதற்குள்ளேயே நிற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அண்ணை, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் என்ன? ஒரு வருஷம் நீங்கள், ஒரு வருஷம் அவர்?

கோபிக்காதீர்கள்.

துஷி

*

பற்றில்
21 ஜூன் 2025

துஷிக்கு,

அண்ணியின் பிரஷர் இறங்கிவிட்டது. என்னுடையது ஏறியிருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு பெயர். அது எங்கள் பூட்டன் காலத்து முறை. நான் மாற்ற முடியாது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அப்பா போன செய்தி வந்த அன்றே டிக்கெட் எடுத்தேன். உங்கள் ஊரில் பனிப்புயல் என்று விமானம் இரண்டு நாள் பிந்தியது. "ஒரு நாள் பொறடா" என்று தம்பியிடம் கெஞ்சினேன். "மண்டபம் பிறகு கிடையாது அண்ணை" என்றான். தகப்பனுக்குக் கொள்ளி மூத்த மகன். அது நான். ஆனால் நான் ஹீத்ரோவில் ஒரு தூணுக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அவன் எரியூட்டும் பொத்தானை அமத்தினான். படம் நடுவில் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் முகமும் தெரிந்தது. நீ நித்திரையில் நடப்பவள் போல இருந்தாய்.

கொள்ளி போய்விட்டது, சரி. பரிவட்டத்தையும் விடச் சொல்கிறாயா?

ஓகஸ்ட் பதினைந்துக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அவனும் போட்டிருக்கிறானாம். நீ ஒன்றும் எழுதவில்லை என்றால் அவன் பக்கம் என்றே எடுத்துக்கொள்வேன். இனி எனக்கு இங்கிலாந்துச் சரித்திரம் எழுதி அனுப்ப வேண்டாம்.

பிள்ளையைக் கவனமாகப் பார்.

வசீகரன்

*

ரொக்ஸ்பரோ
3 ஜூலை 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இதே கடிதத்தின் பிரதி சிவநேசம் அவர்களுக்கும் போகிறது. சுகம் விசாரித்து எழுத இன்றைக்குத் தைரியமில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன்.

நான் கேட்கவில்லை அண்ணை. நான் நித்திரை.

அந்தக் கிழமை சாம்பவிக்கு நாலு நாளாகக் கடும் காய்ச்சல். அவளோடு விழித்திருந்துவிட்டு, இவர் வேலையால் வந்ததும் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். கடைசி நாள் மத்தியானம் இரண்டு மணியிருக்கும். அப்பாவின் கால் குளிர்ந்து கிடந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டு, கட்டில் நுனியில் ஏறி இருந்து இரண்டு பாதத்தையும் மடியில் வைத்துத் தேய்த்தேன். தேய்த்தது ஞாபகம் இருக்கிறது. சூடாகத் தொடங்கியதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை.

சின்னண்ணை என் தோளைப் பிடித்து உலுப்பினார். அவருடைய மற்றக் கை அப்பாவின் கைக்குள் இருந்தது. "கேட்டனியே தங்கச்சி? அப்பா சொன்னதைக் கேட்டனியே?" என்றார். நான் ஓம் என்றேன். நித்திரையில் பிடிபட்டால் நாங்கள் எல்லோரும் சொல்வோமே, படுக்கவில்லை, முழிப்புத்தான், ஓம், கேட்டேன் என்று. அப்படி ஒரு ஓம். அதற்குப் பிறகுதான் மடியைப் பார்த்தேன். கால் திரும்பக் குளிர்ந்திருந்தது.

அப்பா போய்க்கொண்டிருந்தபோது அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நான் நித்திரை கொண்டேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இவருக்குக்கூட. எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து, "குடுத்து வைச்சனி, கடைசிவரை பக்கத்திலை இருந்தனி" என்றபோதும் ஓம் என்றேன். பிள்ளையின் மூச்சை ஏன் ஏழு தரம் பார்க்கிறேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

முந்தாநாள் ஜூலை ஒன்று. இந்த ஊரில் பாதிப்பேர் வீடு மாறுகிற நாள். சின்னண்ணையும் இன்னும் சிறிய வீட்டுக்கு மாறினார், உதவிக்குப் போனேன். உடுப்புப் பெட்டிக்குள் அந்தச் சாம்பல் காலுறை மடித்தபடி இருந்தது. அவர், "கையெழுத்துப் போட்டனியே?" என்றார். படிக்கட்டில் வைத்தே சொன்னேன், "நான் அண்டைக்கு நித்திரை அண்ணை" என்று. கத்துவார் என்று நின்றேன். அவர் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "மேசையின்ரை அந்த நுனியைப் பிடி, இறக்குவம்" என்றார். அவ்வளவுதான்.

அப்பா ஏதாவது சொன்னாரா, என்ன சொன்னார், எனக்குத் தெரியாது. நான் சாட்சி இல்லை.

துஷாந்தினி

*

சிவநேசம் வீடு, யாழ்ப்பாணம்
25 ஓகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் கடிதத்துக்கு ஏழு கிழமையாகப் பதில் எழுதாமல் இருந்தது என் பிழை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நல்லகாலம், எழுதியிருந்தால் பிழையாகத்தான் எழுதியிருப்பேன்.

முந்தாநாள் திருவிழா. நானும் கஜீவனும் பட்டு வேட்டியோடு இரண்டு பக்கமும் வாசல் தூண் மாதிரி நின்றோம். பார்க்கச் சனம் கூடிவிட்டது. சாமிக்கு வந்த கூட்டம் என்று நினைக்காதே. சிவநேசம் உன் கடிதத்தை வேட்டி மடிப்பில் வைத்திருந்தார், ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. ஐயரிடம் போய் ஏதோ சொன்னார். ஐயர் பரிவட்டத்தைப் பிள்ளையாரின் பாதத்தில் வைத்துவிட்டு அடுத்த பூசையைப் பார்த்தார். கொப்பியில் அப்பாவின் பெயர் இன்னும் ஒரு வருஷத்துக்கு அப்படியே இருக்கும்.

அதைவிடப் பெரிய தண்டனை, சிவநேசம் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே மின்விசிறி. எட்டு நாளாக முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தோம். நேற்று மத்தியானம் கரண்ட் போனது. வெக்கையில் எழும்பி இருந்து அவன்தான் முதலில் கதைத்தான்.

"அவள் நித்திரை எண்டு எனக்குத் தெரியும் அண்ணை."

"தெரிஞ்சுகொண்டோடா அவளைச் சாட்சி வைச்சனி?"

"அவள் ஓம் எண்டாள். நான் அந்த ஓமைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

அப்பா சொன்னது உண்மைதானா என்று கேட்டேன். சத்தியமாகச் சொன்னார் என்றான். ஆனால் வடிவாகக் கேட்டது "பாத்துக்கொள்" என்ற ஒரு சொல்தானாம். அதற்கு முதல் முணுமுணுத்தது திருவிழா என்று தனக்குக் கேட்டதாம். "வீடு எண்டும் இருக்கலாம். இவள் எண்டும் இருக்கலாம். நான் ஆசைப்பட்டதுதான் எனக்குக் கேட்டிருக்கு" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். அவனை அப்போதுதான் வடிவாகப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது துஷி. நீ எனக்கு எழுதவில்லையே.

இன்னும் ஒன்று சொன்னான். உன்னிடம் சொல்ல வெட்கமாம். சொன்னால் நீ நித்திரை என்பதும் வெளியே வரும், தன் சாட்சியும் போய்விடும் என்று ஒன்றரை வருஷம் மூடி வைத்திருந்தானாம்.

உன் தலை சரிந்து கட்டில் கம்பியில் இடித்ததாம். அவன் உன்னை எழுப்பக் கையை நீட்டியிருக்கிறான். அப்பா அந்தக் கையைப் பிடித்துவிட்டார். நீ கண் விழித்தபோது கண்ட கை அதுதான். அப்பா சொன்னதில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது இது ஒன்றுதானாம்:

"பிள்ளையை எழுப்பாதை. அவள் படுக்கட்டும்."

பிறகு ஒன்றும் சொல்லவில்லையாம்.

நாளை மறுநாள் கடைசி நாள், தீர்த்தம். முடிய இரண்டு பேரும் ஒரே வான் வண்டியில் விமான நிலையத்துக்குப் போகிறோம். யார் முன்னுக்கு இருப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

அண்ணை

*

ரொக்ஸ்பரோ
7 செப்டெம்பர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைக் கார்டெரி வாசலில் நின்று படித்தேன். உள்ளே போகக் கொஞ்ச நேரம் எடுத்தது. சாம்பவிக்கு இப்போது ஒன்றுமில்லை. மூக்குச்சளி மட்டும்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். அந்த வருஷம் முடிவதற்குள் ராணிக்கு டொஸ்டிக்கும் இல்லை, ஹரல்டும் இல்லை. இன்னும் இரண்டு சகோதரர்களும் அந்த மேட்டிலேயே போய்விட்டார்கள். அவள் மட்டும் பிறகும் ஒன்பது வருஷம் இருந்தாள். அரசன் சொன்னதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், அவள் எத்தனை நாள் கண் விழித்திருந்தாள் என்று ஒருவரும் எழுதவில்லை என்று முடித்தேன். பேராசிரியர் ஓரத்தில் "ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்விதான். பாஸ் பண்ணிவிட்டார்.

சின்னண்ணை வந்து இறங்கியதும் நேரே இங்கேதான் வந்தார். கோயில் பிரசாதத்தில் இருந்து நீங்கள் எனக்கென்று கொடுத்துவிட்ட மாம்பழத்தைச் சுங்கத்தில் எடுத்துவிட்டார்களாம், அதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். காலுறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நேற்று சாம்பவியைப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் சும்மா ஒரு நிமிஷம் சரிந்தேன். மூச்சைப் பார்க்கக் கையைத் தூக்கினேனா என்பதுகூட ஞாபகமில்லை.

காலையில் அவள்தான் என்னை எழுப்பினாள்.

துஷி